பெயர் சொல்லும் படமும் பேச வைக்கும் படமும்

கோயம்புத்தூர் உக்கடத்திலும் அதனை அடுத்துள்ள கோட்டைமேடு, கரும்புக்கடை, ஆத்துப்பாலம் பகுதிகளிலும் மாலை நேர மக்தபுகளில் ஓதும் பிள்ளைகளின் ஒலிப்பில் குறை காண்பது எளிதன்று. ஐனும் ஹாவும் காஃபும் ளாதும் தத்தம் பிறப்பிடங்களிலிருந்தே வெளிப்படுகின்றன. எட்டு வயது நிரம்புவதற்குள் ‘அம்ம’ ஜுஸ்வை மனனம் செய்துவிடும் சிறாரும் உண்டு. ஆயினும் அதே சிறாரிடம் ஓர் எழுதுகோலைக் காட்டி, “மா ஹாதா?” என வினவினால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். ‘கலம்’ என்ற சொல் அவர்கள் கேட்டறியாத சொல்லன்று. குர்ஆனில் அப்பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. சொல் நாவில் இருக்கிறது, பொருள் கண்ணெதிரே இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் பழக்கந்தான் இல்லை.

இந்த இணைப்பைப் படங்களின் வழியே ஏற்படுத்தலாம் என்ற எண்ணம் நம்மிடையே வலுப்பெற்று வருகிறது. வண்ணப் படங்கள் நிறைந்த அரபுப் பாடநூல்களும், சுவரில் மாட்டும் படத்தாள்களும், ஒரு புறம் படமும் மறுபுறம் சொல்லும் பொறித்த அட்டைகளும் இன்று எளிதில் கிடைக்கின்றன. பெற்றோர் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். பள்ளிகள் தம் விளம்பரங்களில் அவற்றைக் காட்டுகின்றன. அவை தொடக்கப் பள்ளி மாணவருக்கு அரபுப் பேச்சை உண்மையிலேயே கற்பிக்கின்றனவா என்ற வினாவை எழுப்பியோர் குறைவு. அதனை எழுப்பிப் பார்ப்பதே இங்கு நமது நோக்கம்.

மொழியைக் கற்றல் என்றால் என்ன என்பதில் நமக்கு வழிகாட்ட இப்னு கல்தூன் போதும். 1377இல் எழுதி முடித்த ‘முகத்திமா’வில் அவர் மொழியை ஒரு ‘மலகா’ என்கிறார். திரும்பத் திரும்பச் செய்வதால் ஆன்மாவில் பதிந்துவிடும் கைப்பழக்கம் எனலாம். இலக்கண விதிகளை அறிந்திருப்பது வேறு, மொழி கைவரப் பெற்றிருப்பது வேறு என்பதை விளக்க அவர் தையற்கலையை எடுத்துக்காட்டுகிறார். ஊசியில் நூல் கோப்பது முதல் தையலின் வகைகள்வரை அனைத்தையும் வாயால் விவரிக்கத் தெரிந்த ஒருவரின் கையில் துணியைக் கொடுத்தால் தைக்க வராது. நம் மதரஸாக்களில் நஹ்வும் ஸர்ஃபும் பல்லாண்டு ஓதித் தேர்ந்த ஆலிம்களிற் சிலரும் ஓர் அரபு விருந்தினர்முன் தயங்கி நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. அவர்களது கல்வியில் குறையில்லை. தைக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தலூஸின் அறிஞர் காழி அபூபக்ர் இப்னுல் அரபீ, பிள்ளைகளுக்கு முதலில் மொழியையும் கவிதையையும், பின்னர் கணக்கையும் கற்பித்து, அதன் பிறகே குர்ஆனைத் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். பொருள் விளங்காத நிலையில் பிள்ளையை வேதம் ஓதவைக்கும் வழக்கத்தை அவர் கடிந்துரைத்தார். இப்னு கல்தூன் இம்முறையைப் போற்றுகிறார். ஆனால் மக்களின் வழக்கம் இதற்கு இடம் தராது என்கிறார். பரக்கத்தை நாடுவதும், வளர்ந்த பின் பிள்ளை நம் கைக்கு அடங்காமற் போய்க் குர்ஆனையே ஓதாமல் விட்டுவிடுமோ என்ற அச்சமும் அவ்வழக்கத்திற்கான காரணங்களாம். அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மக்ரிபில் எழுதப்பட்ட இவ்வரிகளை உக்கடத்துப் பெற்றோர் எவரிடம் சொன்னாலும் ‘எங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்’ என்பர். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே ஓதலுக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டு பேச்சுக்குக் கொடுங்கள் என்று கேட்பது வீண்வேலை. ஓதலோடு ஒட்டியே பேச்சை எழுப்ப முடியுமா என்பதே பயனுள்ள கேள்வி.

இனிப் படங்களுக்கு வருவோம். அரபுப் பாடநூலில் படத்தைப் பயன்படுத்தியவர்களைப் பற்றிப் பேசும்போது, தமிழ்நாட்டவரான ஒருவரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. வாணியம்பாடியில் பிறந்து, அஸ்ஹரில் முனைவர் பட்டம் பெற்று, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் அரபு கற்பித்து, மன்னர் ஃபஹ்த் குர்ஆன் அச்சகத்தின் மொழிபெயர்ப்பு மையத்திற்குப் பொறுப்பு வகித்த டாக்டர் வா. அப்துர் ரஹீம் (1933–2023) அவர்களின் ‘துரூஸுல் லுகத்தில் அரபிய்யா’ உலகெங்கும் அரபு கற்கத் தொடங்குவோர் கையில் இருக்கும் நூல். சென்னை இஸ்லாமிக் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் அதனை இந்தியாவில் வெளியிட்டது. பின்னர் டெல்லி குட்வர்ட் நிறுவனம் அதனை எட்டுப் பாகங்களாக, வண்ணப் படங்களுடன் சிறாருக்கான வடிவில் கொண்டுவந்தது. தமிழ் மண்ணிலிருந்து சென்ற ஒருவர் அரபு அல்லாதார் அனைவருக்கும் அரபு ஆசிரியரானார் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். பெருமை கொள்வதோடு நூலை நுணுகிப் படிப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

முதற்பாகத்தின் தொடக்கத்தில் வீடு, பள்ளிவாசல், கதவு, நூல், எழுதுகோல், திறவுகோல் எனப் பொருள்களின் எளிய கோட்டோவியங்கள் வருகின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் ‘ஹாதா’ என்று தொடங்கும் இருசொல் வாக்கியம். மொழிபெயர்ப்பு இல்லை, இலக்கண விளக்கமும் இல்லை. அடுத்த பாடத்தில் அருகிலுள்ள பொருளுக்கு ‘ஹாதா’வும் தொலைவிலுள்ள பொருளுக்கு ‘தாலிக’வும் வரும் வேறுபாட்டைப் படமே காட்டிவிடுகிறது. இங்கே படம் செய்யும் பணி உயர்ந்தது. ‘அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு’ என்று அரைமணி நேரம் விளக்க வேண்டியதை ஒரே பார்வையில் உணர்த்துகிறது. சொற்களைத் தேர்ந்தெடுத்ததிலும், ஒரு பாடத்தில் ஒரே இலக்கணக் கூற்றைப் புகுத்தியதிலும் ஆசிரியரின் அனுபவம் தெரிகிறது. (அரபியில் புகுந்த பிறமொழிச் சொற்களைத் திரட்டிய ஜவாலீகீயின் ‘அல்முஅர்ரப்’ நூலைப் பதிப்பித்த அறிஞர் அவர். தொடக்கப் பாடங்களிலேயே ‘ஸுக்கர்’ என்ற சொல்லை வைத்தபோது, அது நம் சர்க்கரையின் உறவென்பதை அவர் நினைத்திருக்கக்கூடும்.)

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இந்நூல் மதீனாவுக்குக் கல்வி கற்க வந்த பல நாட்டு இளைஞர்களுக்காக எழுதப்பட்டது. ஆகையால் அதன் உலகம் வகுப்பறையும் விடுதியும் பல்கலைக்கழகமுமாகவே இருக்கிறது. நீ எந்த நாட்டவன், அவன் எந்த நாட்டவன் என்று சீனரும் ஜப்பானியரும் இந்தியரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். அவர்களுக்கு அது அன்றாடத் தேவை. உக்கடத்தில் மூன்றாம் வகுப்புப் பயிலும் பிள்ளைக்குத் தன் வகுப்புத் தோழன் எந்த நாட்டவன் என்பதில் ஐயமே இல்லை. எனவே கேட்பதற்கும் ஒன்றுமில்லை. வண்ணப் பதிப்பில் படங்கள் அழகு பெற்றன. பாடத்தின் உலகமோ பெரிதும் பழையதே. இளைஞருக்கு எழுதியதைச் சிறாருக்கு அப்படியே ஊட்டிய பிழை நூலாசிரியருடையதாகாது, பயன்படுத்துவோருடையது.

பிற படநூல்களில் நிலைமை இதனினும் இறங்கிக் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பழங்கள், மறுபக்கத்தில் பன்னிரண்டு விலங்குகள், அடியில் பெயர்கள். ஆசிரியர் படத்தைத் தொட, பிள்ளைகள் ஒரே குரலில் பெயரைச் சொல்வர். ஆண்டு விழாவில் இது மேடையேறும், பெற்றோர் மகிழ்வர். ஆனால் இதைப் பேச்சு என்று எவ்வாறு சொல்வது? மரப்பெயர் நாற்பது தெரிந்த ஒருவன் தோட்டத்தில் நின்றுகொண்டு ஒரு வாக்கியமும் சொல்லத் தெரியாதிருந்தால் அவனிடம் இருப்பது பெயர்ப்பட்டியல், அவ்வளவே.

அல்ஜாஹிழ் ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலில் பொருளை உணர்த்தும் வழிகள் ஐந்து என வகுக்கிறார்: சொல், சைகை, விரற்கணக்கு, எழுத்து, இறுதியாக ‘நிஸ்பா’ என்னும் நிலை. நிஸ்பா என்பது வாய்திறவாமலே பேசும் பொருள்களின் நிலை. வானமும் பூமியும் தம்மைப் படைத்தவனைச் சொல்லாமற் சொல்வதைப் போன்றது அது. படமும் இந்த ஐந்தாம் வகையைச் சார்ந்ததென நாம் கொள்ளலாம். அது பேசுகிறது, ஆனால் உற்று நோக்கி வினவுபவனிடம் மட்டுமே பேசுகிறது. வினவுபவன் இல்லாத இடத்தில் அது சுவரில் தொங்கும் தாள்.

படத்தின்மீது அளவுகடந்த நம்பிக்கை வைத்தோர் பட்ட பாடு கல்வி வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1950களிலும் 1960களிலும் ஸாக்ரெப் மொழியியலாளர் பீட்டர் குபெரினாவும் பிரான்சின் பால் ரிவாங்கும் உருவாக்கிய முறையில், பிரெஞ்சு மொழியைத் தாய்மொழியின் உதவியின்றிப் படச்சுருளும் ஒலிநாடாவும் கொண்டே கற்பித்தனர். ஒவ்வொரு வாக்கியத்திற்கும் ஒரு படம். ஆனால் ஒரே படத்தை மாணவர் பலவாறாகப் பொருள் கொண்டனர் என்பதே அம்முறையின்மீது எழுந்த முதன்மையான குற்றச்சாட்டு. ஒருவர் கையை நீட்டி நிற்கும் படம் ‘தருகிறார்’ என்பதா, ‘கேட்கிறார்’ என்பதா, ‘அதோ பார்’ என்பதா? படத்தால் வினைச்சொல்லை முழுமையாகக் காட்ட முடியாது; காலத்தைக் காட்டவே முடியாது. இவர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே, 1658இல் நூரம்பெர்கில் சிறாருக்கான படப் பாடநூலை வெளியிட்ட கொமீனியஸ் இதனை ஓரளவு உணர்ந்திருந்தார். அவர் தனிப்பொருள்களைத் தனித்தனியே வரையவில்லை. ஒரு தொழிற்கூடத்தையோ தோட்டத்தையோ முழுக் காட்சியாக வரைந்து, அதன் உறுப்புகளுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களை லத்தீன், ஜெர்மன் வாக்கியங்களோடு இணைத்தார். இரு மொழிகளும் அருகருகே இருந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. தாய்மொழியை விரட்டிவிட்டுத்தான் படம் நுழைய வேண்டும் என்று அவர் கருதவில்லை.

படமே இல்லாமலும் இப்பணியைச் செய்யலாம் என்பதற்கு மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (ரஹ்) அவர்களின் ‘கஸஸுன் நபிய்யீன்’ சான்று. தம் உடன்பிறந்தாரின் மகனுக்காக அதனை எழுதியபோது, சிறாருக்குக் கிடைக்கும் அரபுக் கதைகளெல்லாம் பூனையும் நாயும் சிங்கமும் குரங்குமாகவே இருப்பதைக் கண்டு வருந்தியதாக முன்னுரையில் குறிப்பிடுகிறார். அந்நூலில் அவர் கையாண்ட உத்தி, சிறாரின் பேச்சு இயல்பைப் பின்பற்றி ஒரே சொல்லையும் தொடரையும் சலிக்காமல் மீட்டுச் சொல்வது. இப்ராஹீம் நபி (அலை) சிலைகளைப் பார்த்து வியக்கும் இடத்தில் சில சொற்களே சுழன்று சுழன்று வந்து, படிக்கும் பிள்ளையின் மனத்திரையில் காட்சியாகின்றன. இது இப்னு கல்தூனின் மலகாதான். இந்நூலை ஓதிய பிள்ளை கதையைத் திருப்பிச் சொல்ல முயலும். பழப்படங்களைப் பார்த்த பிள்ளைக்குத் திருப்பிச் சொல்ல எதுவும் இராது. கதை இருந்தது, ஆகவே பேச்சு பிறந்தது. படத்திற்கும் இந்த அளவுகோலையே வைக்க வேண்டும். அதில் ஏதாவது நடக்கிறதா? பிள்ளைக்குக் கேட்கவும் சொல்லவும் அதில் ஏதேனும் இருக்கிறதா?

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து நம் சமுதாயத்தில் நிலவும் தயக்கத்தை இங்குப் பேசாமல் கடப்பது நேர்மையாகாது. அந்த மார்க்கச் சட்ட ஆய்வை முழுமையாக நிகழ்த்துவது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது. கல்வியோடு தொடர்புடைய சில செய்திகளை மட்டும் சுட்டலாம். அன்னை ஆயிஷா (ரலி) பொம்மைகள் வைத்து விளையாடியதை புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். அவற்றுள் சிறகு வைத்த குதிரை ஒன்றிருந்ததையும் அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூத் அறிவிக்கிறார். உருவங்கள் விஷயத்தில் கண்டிப்பான இமாம் நவவீ (ரஹ்) அவர்களே, சிறுமியரைப் பழக்கும் நோக்கத்தால் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு என்ற காழி இயாழின் கருத்தை எடுத்துரைக்கிறார். உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்.

இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமானது இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் செய்தி. நபி (ஸல்) அவர்கள் ஒரு சதுரம் வரைந்து, அதன் நடுவிலிருந்து சதுரத்தைத் தாண்டி வெளியே நீளும் ஒரு கோட்டையும், அந்நடுக்கோட்டை நோக்கிப் பக்கங்களிலிருந்து வரும் சிறு கோடுகளையும் இட்டார்கள். நடுவில் மனிதன், சூழ்ந்திருப்பது அவன் தவணை, வெளியே நீள்வது அவன் ஆசை, சிறு கோடுகள் அவனைத் தாக்கும் இன்னல்கள் என்று விளக்கினார்கள். கற்பிக்கக் கோடு வரைந்த முன்மாதிரி இதைவிட வேறென்ன வேண்டும்? நம் நூல் மரபும் படமே அறியாததன்று. ஹரீரீயின் ‘மகாமாத்’ நூலுக்கு யஹ்யா அல்வாஸிதீ 1237இல் தீட்டிய ஓவியங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இன்றும் உள்ளன.

முகமற்ற உருவங்களை அச்சிடும் நூல்கள் சில உள்ளன. பேணுதலை நாடுவோர் அவ்வாறு செய்வதை நாம் குறை கூறோம். ஆனால் ஆசிரியர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கண்ணும் வாயும் இல்லாத முகத்தைக் காட்டி ‘மகிழ்ந்தவன்’, ‘வருந்தியவன்’ என்ற சொற்களைக் கற்பிக்க முடியாது. அச்சொற்களை அவர் தம் முகத்தாலேயே காட்டிவிடலாம். வகுப்பில் முகங்களுக்குப் பஞ்சமில்லை. மற்றபடி ஒரு காட்சியில் கட்டடமும் மரமும் வண்டியும் கடையும் இருந்தாலே பேச்சுக்குப் போதிய பொருள் கிடைத்துவிடும்.

அக்காட்சி எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் நமது படநூல்கள் பெரிதும் தவறுகின்றன. அவற்றில் பேரீச்சைத் தோப்பும் கூடாரமும் பாலைவனமும் வருகின்றன, அல்லது ஐரோப்பியப் பிள்ளையின் படுக்கையறை வருகிறது. உக்கடத்துப் பிள்ளை தினந்தோறும் பார்ப்பது வேறு. பெரியகுளமும் அதில் வந்திறங்கும் பறவைகளும், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் பேருந்துகள் புறப்படும் நிலையமும், மீன் சந்தையும், 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டு ஆத்துப்பாலம்வரை நீளும் மேம்பாலமும், வானம் தெளிந்த நாளில் மேற்கே தெரியும் மலைத்தொடரும் அதன் உலகம். இவற்றை ஒரே தாளில் கோட்டோவியமாக வரைய அரைநாள் போதும். குளம் புஹைரா, மீன் ஸமக், பேருந்து ஹாஃபிலா, பாலம் ஜிஸ்ர், மலை ஜபல் என்று சொற்கள் வந்து பொருந்தும். அந்தப் பேருந்து எங்கே போகிறது, குளத்தின் மேல் என்ன பறக்கிறது, பாலத்தின் கீழ் யார் நிற்கிறார் என்று கேட்டால் பிள்ளைக்கு விடை தெரியும். அதைச் சொல்லும் சொல்தான் தெரியாது. அந்தச் சொல்லுக்காக அது தவிக்கும் கணமே மொழி கற்கும் கணம்.

மீன் சந்தைக் காட்சியில் ஒரு தராசு இருக்குமல்லவா? அதற்கு அரபியில் ‘மீஸான்’. நம் பிள்ளைகளுக்கு இச்சொல் புதியதன்று. மறுமையில் நன்மை தீமைகளை நிறுக்கும் மீஸானைப் பற்றி எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கின்றனர். மீன் நிறுக்கும் தராசுக்கும் அதே பெயர் என்று அறியும்போது ஒரு வியப்பு எழுகிறது. தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரும்போதே கணிசமான அரபுச் சொற்களோடு வருகிறது: நிய்யத், துஆ, ஸப்ர், ஷுக்ர், ஹலால், ஹராம், ரூஹ், மவுத், கப்ர், ஸலாம், நிகாஹ், மஹர், ஐந்து வக்துகளின் பெயர்கள். இவற்றுள் பெரும்பாலானவை படத்தால் காட்ட முடியாத அருஞ்சொற்கள். ‘ஸப்ர்’ என்பதை எந்த ஓவியன் வரைவான்? படம் காட்ட இயலாத சொற்களை வீடு தந்திருக்கிறது. வீடு தராத நாற்காலி, கதவு, பேருந்து போன்றவற்றைப் படம் தரலாம். அரபுத் தமிழில் நூல்கள் இயற்றிய நம் முன்னோரின் உழைப்பால் நம் பேச்சில் தங்கிவிட்ட இச்செல்வத்தைக் கணக்கில் எடுத்த படநூல் எதுவும் நம் பார்வைக்கு வரவில்லை.

ஸூராக்களின் பெயர்களையும் அவ்வாறே கருதலாம். ஃபீல், ஷம்ஸ், கமர், நஜ்ம், லைல், தீன், நஹ்ல், நம்ல், அன்கபூத், பகரா என்று யானையும் சூரியனும் நிலவும் விண்மீனும் இரவும் அத்தியும் தேனீயும் எறும்பும் சிலந்தியும் பசுவும் வரிசையாக நிற்கின்றன. படச்சொல் தொகுதி ஒன்றை இதிலிருந்தே தொடங்கலாம். வினாச் சொற்களையும் தேடி அலைய வேண்டியதில்லை. ‘அல்காரிஆ’வில் ‘மா’ இருக்கிறது. ‘அல்காஷியா’ ‘ஹல்’ என்று தொடங்குகிறது. ‘அத்தக்வீர்’ முடிவை நெருங்கும் இடத்தில் ‘அய்ன’ என வினவுகிறது. ‘அல்ஃபீல்’ முதல் வசனத்திலேயே ‘கைஃப’ வருகிறது. இன்னும் நோக்கினால், ‘அல்காஷியா’வின் பதினேழாம் வசனம் முதல் ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் பார்க்கச் சொல்லி, அவை எவ்வாறு ஆக்கப்பட்டன என்று ஒவ்வொன்றாக வினவுகிறது. பார், பின் எவ்வாறு என்று கேள்! படங்கொண்டு கற்பிப்பவர் பின்பற்ற வேண்டிய வரிசையும் இதுவே. ‘எங்களுக்கு வேண்டியது குர்ஆன், அரபுப் பேச்சு எதற்கு?’ என வினவும் பெரியவர்களுக்கு நாம் தரக்கூடிய விடையும் இங்கேயே உள்ளது. “அய்ன?” என்று படத்தின்முன் நூறுமுறை கேட்டும் சொல்லியும் பழகிய பிள்ளை, ‘அத்தக்வீர்’ ஓதும்போது அச்சொல்லில் ஒரு கணம் நிற்கும்.

பேச்சை எழுப்ப நாம் கண்டவற்றுள் பயன்மிக்கது இணைப்பட முறை. ஏறத்தாழ ஒரே காட்சியை இரண்டு தாள்களில், ஐந்தாறு வேறுபாடுகளுடன் வரைந்துகொள்ள வேண்டும். ஒன்றில் மீன் தராசின் மேல் இருக்கும், மற்றதில் கூடையில் இருக்கும். ஒன்றில் பேருந்து பாலத்தின் மேல், மற்றதில் கீழ். இரு பிள்ளைகள் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் தாளை மற்றவர் பாராமல், கேட்டுக் கேட்டு வேறுபாடுகளைக் கண்டறிய வேண்டும். “அய்னஸ் ஸமக்?” என்று ஒரு பிள்ளை கேட்கிறதென்றால் அதற்கு உண்மையாகவே விடை தெரியாது, தெரிந்துகொள்ள விரும்புகிறது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது என்ன’ என்று கேட்கும் ஆசிரியருக்கு விடை தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அங்கே நடப்பது சோதனை, உரையாடல் அன்று. மேலும், முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரே உஸ்தாது ஒரு மணி நேரத்தில் ஓதவைக்க வேண்டிய மக்தபில், ஒவ்வொரு பிள்ளையும் அவரோடு பேசுவது நடவாத காரியம். இணைப்படத்தில் பதினைந்து இணைகள் ஒரே நேரத்தில் பேசும். இரைச்சல் இருக்கும், மக்தபுக்கு இரைச்சல் புதிதா என்ன?

உக்கடத்தில் இதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. பாலக்காட்டுச் சாலையின் தலைவாயிலான இப்பகுதியில் தமிழ், தக்னி உருது, மலையாளம் ஆகிய மூன்றையும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் அருகருகே வாழ்கின்றன. எந்த மொழியில் பொருள் சொன்னாலும் சில பிள்ளைகளுக்கு அது வீட்டுமொழியாக இராது. படம் மூவருக்கும் பொது. அதற்காகத் தமிழை வகுப்பிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பாரோடு நாம் உடன்படவில்லை. தமிழ் இலக்கணம் அரபுக்குச் செய்யும் உதவி சிறியதன்று. ‘மன்’, ‘மா’ வேறுபாடு நம் ‘யார்’, ‘என்ன’ வேறுபாடே. பகுத்தறிவுள்ளவை, அல்லாதவை என அரபு இலக்கணிகள் வகுத்தது நம் உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டுக்கு மிக அண்மையில் நிற்கிறது. அஃறிணைப் பன்மையை அரபு ‘ஹாதிஹி’ என ஒருமைபோல் சுட்டுவதைத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வழியில் விளக்கிவிடலாம்.

தமிழ் உதவாத இடம் பால். நமக்கு நாற்காலியும் மேசையும் பேருந்தும் ‘இது’தான். அரபியில் குர்ஸீ ஆண்பால், ஹாஃபிலா பெண்பால். நாம் ஆணாகக் கருதிப் பழகிய ஞாயிறு அங்கே பெண்பால், திங்கள் ஆண்பால். படத்தைப் பார்த்து இதை அறிய வழியே இல்லை. படத்தைச் சுற்றி ஆண்பாலுக்கு ஒரு நிறத்திலும் பெண்பாலுக்கு மற்றொரு நிறத்திலும் கட்டமிடும் எளிய வழக்கத்தைக்கூடப் பல நூல்கள் மேற்கொள்ளவில்லை. ‘ஹாதா’வா ‘ஹாதிஹி’யா என்ற தடுமாற்றம் நாவில் பதிந்துவிட்டால் பின்னர் நஹ்வு ஓதித் திருத்துவது கடினம்.

பேசும் அரபு எது என்ற கேள்வியையும் சிலர் எழுப்புவர். சவூதியில் பணிபுரிந்து திரும்பிய தந்தை தண்ணீரை ‘மோயா’ என்பார்; பிள்ளையின் நூலில் ‘மாஉ’ என்றிருக்கும். தொடக்க நிலையில் செந்நெறி அரபே பொருத்தம் என்பது நம் கருத்து. பிள்ளை ஓதுவது அதில்தான். தந்தையின் சொல்லை இகழாமல், அதுவும் ஒரு வழக்கு என்று சொல்லிச் செல்வது நல்லது.

உக்கடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் எல்லைக்கு அப்பாலுள்ள பாலக்காட்டின் நிலை நமக்குப் பாடமாக வேண்டும். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்பிலிருந்தே அரபு விருப்பப் பாடமாக உள்ளது. அதற்கென ஆசிரியர்கள் நியமிக்கப்படுகின்றனர். அரசே படங்களுடன் பாடநூல் அச்சிடுகிறது. மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் அரபு மொழிக்கெனத் தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன. இவ்வுரிமை எளிதில் நிலைக்கவில்லை. அரபு ஆசிரியர் பணியிடங்களைப் பாதிக்கும் அரசாணைகளை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1980 ஜூலை 30 அன்று மலப்புரத்தில் காவல்துறை சுட்டதில் மூன்று இளைஞர் உயிரிழந்தனர். பள்ளிக்கு வெளியே, 1951இல் தோன்றிய சமஸ்த கேரள மதக் கல்வி வாரியம் தன் மதரஸாக்களுக்கு ஒரே பாடத்திட்டமும் நூல்களும் தேர்வும் வகுத்தது.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்குப் பிறகு தொடக்க வகுப்புகளில் தமிழும் ஆங்கிலமுமே முதன்மை பெறுகின்றன. தமிழ் கற்பது நம் பிள்ளைகளுக்கு நன்மையே. அரபுக்கு எஞ்சியிருப்பவை மக்தபின் ஒரு மணி நேரமும் சில தனியார் பள்ளிகளின் கூடுதல் பாடவேளையும். அந்தச் சிறு நேரத்தைப் பயன்படுத்தும் ஆசிரியருக்குப் பயிற்சி அளிப்பதைவிட வண்ணநூல் வாங்கித் தருவது எளிதாயிருப்பதால் நாம் அதையே செய்துகொண்டிருக்கிறோம். நூலின் விலையில் ஒரு பங்கைக் கொண்டு, ஓவியம் வரையத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரையும் அரபுப் பேச்சில் தேர்ந்த ஆலிம் ஒருவரையும் சில நாள்கள் ஓரிடத்தில் அமர்த்தினால், பெரியகுளம், சந்தை, பேருந்து நிலையம், பள்ளிவாசலின் ஹவ்ள், வீட்டுச் சமையலறை என ஐந்து காட்சிகளை இணைப்படங்களாக ஆக்கிவிடலாம். ஒவ்வொரு காட்சிக்கும் ஆசிரியர் கேட்க வேண்டிய வினாக்களை, ஆம் இல்லை என்ற விடை போதும் வினாவில் தொடங்கி ‘ஏன்’ என்பதுவரை, படத்தின் பின்புறத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒரு காட்சிக்கு ஒரு மாதம் ஒதுக்கினாலும் மிகையாகாது. சமையலறைக் காட்சியில் இஞ்சியை மறவாமல் வரைய வேண்டும். ‘அத்தஹ்ர்’ அத்தியாயத்தில் சுவனத்துப் பானத்தோடு கலந்து வரும் ‘ஸன்ஜபீல்’ அதுவே. அச்சொல்லின் வேர் நம் ‘இஞ்சிவேர்’ என்பதோடு தொடர்புடையதெனச் சொல்வரலாற்றறிஞர் கூறுவதை உஸ்தாது அப்போது சொல்லிவைக்கலாம்.